ஃபேக்ஸ் மெஷின் எதற்காகப் பீப் அடிக்கிறது?

பன்னிரண்டு பக்கம் அனுப்ப வேண்டும். ஒன்பதாவது பக்கம் உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது மெஷின் நீளமாக ஒரு பீப் அடித்துவிட்டு நின்றுவிடுகிறது. சின்னத் திரையில் 'கம்யூனிகேஷன் எரர்', பக்கத்தில் யாருக்கும் புரியாத ஒரு நம்பர். ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் சுவிட்சை அணைத்துப் போடுவது. அதைச் செய்கிறோம், மறுபடி முதல் பக்கத்திலிருந்து அனுப்புகிறோம், இந்த முறை ஆறாவது பக்கத்தில் நிற்கிறது.

அணைத்துப் போடும் வைத்தியத்தைப் பற்றி முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பேப்பர் தீர்ந்த நேரத்தில் வந்த ஃபேக்ஸ்களை மெஷின் தன் மெமரியில் பிடித்து வைத்திருக்கும். பல மெஷின்களில் கரண்ட் போனால் அந்த மெமரியும் காலி, சிலவற்றில் கொஞ்ச நேரம் தாங்கும். அனுப்பியவரிடம் 'ஓகே' என்று ரிப்போர்ட் இருக்கும், நம்மிடம் ஒன்றும் இருக்காது, அப்புறம் யார் பக்கம் தப்பு என்று இரண்டு நாள் போன் பேச வேண்டியதுதான். அதனால் சுவிட்சில் கை வைக்கும் முன் திரையில் 'மெமரியில் பக்கங்கள் உள்ளன' என்கிற மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் முதலில் பேப்பர் போட்டு அதை அச்சாக விடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஃபேக்ஸ் மெஷினின் எரர்களை நம்பர் நம்பராக மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. அந்த நம்பர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியில் மாடலுக்கு மாடல்கூட மாறும். ஒரு மாடலின் பட்டியலை எடுத்து வேறு மாடலுக்குப் பொருத்திப் பார்ப்பது வேறு வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகுவது போலத்தான். மெஷின் எந்தக் கட்டத்தில் நின்றது, புகார் சொல்வது யார், இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் நம்பர் இல்லாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் காப்பி பட்டன்

ஒரு ஃபேக்ஸ் மெஷினுக்குள் மூன்று பேர் குடியிருக்கிறார்கள். நீங்கள் வைக்கும் தாளைப் படிக்கும் ஸ்கேனர், வந்ததை அச்சடிக்கும் பிரிண்டர், போன் லைனில் பேசும் மோடம். அனுப்பும்போது ஸ்கேனரும் மோடமும் வேலை செய்கின்றன, வாங்கும்போது மோடமும் பிரிண்டரும். நான்காவதாக ஒருவர் இருக்கிறார், அவர்தான் நிறைய வம்புக்குக் காரணம், ஆனால் அவர் நம் ஆபீஸில் இல்லை: எதிர்முனை மெஷின்.

இந்த நால்வரில் யார் மேல் சந்தேகம் என்று பிரிக்க ஒரு எளிய வழி, காப்பி பட்டனை அழுத்துவது. தாளை வைத்து ஒரு காப்பி எடுங்கள். காப்பி எடுக்கும்போது ஸ்கேனரும் பிரிண்டரும் மட்டுமே வேலை செய்கின்றன, போன் லைனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. காப்பி சுத்தமாக வந்தால் உங்கள் ஸ்கேனரும் பிரிண்டரும் சரி, கோளாறு மோடம், லைன், எதிர்முனை இந்த மூன்றில் ஒன்று. காப்பியே மங்கலாக, கோடு கோடாக வந்தால் போன் கம்பெனியைக் கூப்பிட்டுப் பயனில்லை, கோளாறு உங்கள் மேசை மேலேயே இருக்கிறது.

காப்பியில் கோடு விழுகிறது என்றால் அது ஸ்கேனரின் கோடா பிரிண்டரின் கோடா? இதற்கும் ஒரு வழி உண்டு. மெனுவுக்குள் போய் ஏதாவது ஒரு ரிப்போர்ட்டை அச்சடியுங்கள், செட்டிங் பட்டியலோ போன கால்களின் பட்டியலோ எதுவானாலும் சரி. அதை மெஷின் தானே எழுதி அச்சடிக்கிறது, ஸ்கேனர் அதில் தலையிடுவதில்லை. ரிப்போர்ட்டிலும் கோடு இருந்தால் பிரிண்டர், அதாவது டிரம்மோ டோனரோ. ரிப்போர்ட் பளிச்சென்று வந்தால் ஸ்கேனரின் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் தவறான இடத்தைத் துடைக்கிறார்கள். மூடியைத் திறந்தால் பெரிய கண்ணாடி ஒன்று தெரியும், அதைப் பளபளவென்று துடைத்துவிட்டு மூடிவிடுவோம். மேலே ஃபீடரில் அடுக்கி வைக்கும் தாள்கள் அந்தப் பெரிய கண்ணாடி மேல் போவதில்லை. அதன் ஓரத்தில் விரலகலம்கூட இல்லாத ஒரு ஒல்லியான கண்ணாடிப் பட்டை இருக்கும், தாள் அதன் மேல்தான் நகர்ந்து போகிறது, ஸ்கேனரின் கண் அதன் அடியில் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. தாள் நகர, கண் நிற்க, நடுவில் ஒரு புள்ளி அழுக்கு இருந்தால் அது பக்கத்தின் மேலிருந்து கீழ் வரை ஒரே கோடாக இழுபட்டுவிடும். எங்களிடமிருந்து போகும் ஒவ்வொரு கடிதத்திலும் தொகை எழுதும் இடத்தின் மேல் ஒரு கறுப்புக் கோடு விழுகிறது என்று ஒருவர் வாரக்கணக்கில் குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். டோனர் மாற்றினோம், பெரிய கண்ணாடியைத் தினமும் துடைத்தோம். கடைசியில் பட்டையைச் சாய்வாக வெளிச்சத்தில் பார்த்தபோது கடுகைவிடச் சின்னதாக ஒரு பசைப் பொட்டு, அதன் மேல் தூசி படிந்து கறுத்திருந்தது. துணியால் போகவில்லை, கொஞ்சம் ஈரம் பண்ணி ஊறவிட்டு நகத்தால் மெதுவாக நெம்பியதும் வந்துவிட்டது. துணியில் துடைத்தபின் விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பியது விரலுக்குத் தட்டுப்படும்.

இரண்டு மெஷின்கள் பேசிக்கொள்ளும் விதம்

காப்பி நன்றாக வந்துவிட்டது, ஆனால் ஃபேக்ஸ் போகவில்லை. இப்போது லைன் பக்கம் பார்க்க வேண்டும், அதற்கு மெஷின்கள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. ஸ்பீக்கரை 'ஆன்' செய்து வைத்துக்கொண்டு ஒரு ஃபேக்ஸ் அனுப்பிப் பாருங்கள், முழு உரையாடலும் காதில் விழும்.

டயல் ஆனதும் அனுப்பும் மெஷின் அரை வினாடி நீளத்தில் ஒரு 'பீப்' கொடுத்துவிட்டு மூன்று வினாடி சும்மா இருக்கும், மறுபடி பீப். 1100 ஹெர்ட்ஸ் ஒலி அது. 'நான் ஆள் இல்லை, ஃபேக்ஸ்' என்று கதவைத் தட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்முனையில் மெஷின் எடுத்தால் 2100 ஹெர்ட்ஸில் மூன்று வினாடி போல ஒரு நீண்ட 'பீஈஈ' வரும். 'நானும் ஃபேக்ஸ்தான், சொல்' என்று பதில். அப்புறம் கரகரவென்று ஒரு பேச்சு. அந்தப் பேச்சு வினாடிக்கு 300 பிட் என்ற மிக மெதுவான வேகத்தில் நடக்கிறது, எப்பேர்ப்பட்ட மோசமான லைனிலும் புரியட்டும் என்பதற்காக. வாங்கும் மெஷின் தன்னால் முடிந்ததையெல்லாம் சொல்லும்: இந்த வேகம் வரை தாங்குவேன், இந்த அளவுத் தாள் இருக்கிறது, பிழை திருத்தம் தெரியும். அனுப்பும் மெஷின் அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்து 'இந்த வேகத்தில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டு, ஒன்றரை வினாடிக்கு வெறும் பூஜ்யங்களாக அனுப்பி லைனைச் சோதிக்கும். பூஜ்யங்கள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் 'சரி, அனுப்பு'. சேரவில்லையா, வேகத்தைக் குறைத்து மறுபடி சோதனை.

அதற்குப் பிறகுதான் பக்கம் போகிறது, 'க்ஷ்ஷ்ஷ்' என்று அருவி விழுகிற மாதிரி ஒரு இரைச்சல். பக்கம் முடிந்ததும் மறுபடி அந்த மெதுவான பேச்சு. 'முடிந்தது, இன்னும் பக்கம் இருக்கிறது.' 'கிடைத்தது, அடுத்ததை அனுப்பு.' கடைசிப் பக்கத்துக்கும் ரசீது வாங்கிக்கொண்டு இரண்டும் போனை வைத்துவிடும்.

இந்தப் பேச்சுக்கான விதிகள் 1980 முதல் உலகம் முழுக்கப் பொதுவாக இருக்கின்றன, மூன்றாம் குரூப் ஃபேக்ஸ் என்று பெயர். முப்பது வருடப் பழைய மெஷினும் நேற்று வாங்கிய மெஷினும் பேசிக்கொள்ள முடிவதற்குக் காரணம் அதுதான். வாங்கியது என்னவோ நேற்று, ஆனால் ஃபேக்ஸ் என்கிற யோசனை போனைவிடவே மூத்தது. ஸ்காட்லாந்துக்காரர் அலெக்ஸாண்டர் பெய்ன் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1843இல், பெல் போனுக்கு வாங்கியது 1876இல். பெய்னுக்கு இருந்த பெரிய தலைவலி இரண்டு முனைகளையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது. இன்றைக்கு உங்கள் மெஷின் ஒன்பதாவது பக்கத்தில் நிற்கிறதே, அதுவும் கிட்டத்தட்ட அதே தலைவலிதான்.

பேச்சே தொடங்காதபோது

'நோ டயல் டோன்', 'செக் லைன்', 'லைன் எரர்' என்று வந்தால் மெஷின் கதவுவரைகூடப் போகவில்லை என்று அர்த்தம். ரிசீவரை எடுத்தால், அல்லது ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினால், 'ர்ர்ர்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் மெஷினை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள். மெஷினின் பின்பக்கம் ஒரே மாதிரி இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் லைனுக்கு, மற்றது கூடுதலாக ஒரு போன் மாட்டிக்கொள்வதற்கு. மேசையை நகர்த்திச் சுத்தம் செய்த மறுநாள் ஃபேக்ஸ் போகவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு ஓட்டைகளைத்தான். அடுத்து அதே சுவர் பாயின்டில் ஒரு சாதாரண போனை மாட்டிப் பாருங்கள். அதிலும் சத்தம் இல்லையென்றால் லைனே போய்விட்டது, மெஷினைத் திட்ட வேண்டாம்.

வெளி லைனுக்கு 9 அல்லது 0 அழுத்த வேண்டிய ஆபீஸ்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 9 அழுத்தியதும் வெளி லைன் கிடைக்க ஒரு நொடி ஆகும், மனிதர்கள் தானாகவே காத்திருப்பார்கள், மெஷின் காத்திருக்காது. 9க்குப் பின் ஒரு 'பாஸ்', அதாவது கொஞ்சம் நிறுத்தம், சேர்த்து நம்பரைச் சேமித்தால் சரியாகிவிடும். பெரும்பாலும் ரீடயல் பட்டனோ 'பாஸ்' என்றே எழுதிய பட்டனோ அதைச் செய்யும், திரையில் ஒரு சின்னக் கோடாகவோ 'பி' என்ற எழுத்தாகவோ தெரியும்.

'பிஸி' என்றால் என்கேஜ்டு, விளக்கவே வேண்டாம், கொஞ்ச நேரத்தில் மெஷின் தானே மறுபடி முயலும்.

'நோ ரெஸ்பான்ஸ்', 'நோ ஆன்சர்' இரண்டும்தான் குழப்பும். நம் மெஷின் கதவைத் தட்டியது, அந்த 2100 ஹெர்ட்ஸ் பதில் வரவே இல்லை, ஏறக்குறைய 35 வினாடி பார்த்துவிட்டுக் கைவிட்டது. காரணம் பெரும்பாலும் உங்களிடம் இல்லை. எதிர்முனையில் மெஷின் கையால் எடுக்கும் முறையில் இருக்கலாம், மணி அடிக்கும், யாராவது வந்து 'ஸ்டார்ட்' அழுத்தும்வரை அது வாயைத் திறக்காது. அங்கே பேப்பர் தீர்ந்து மெமரியும் நிரம்பிவிட்டால் நிறைய மெஷின்கள் போனை எடுப்பதையே நிறுத்திவிடும். இல்லையென்றால் நம்பரே தப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி ஸ்பீக்கரைப் போட்டுக் கேட்பது. மணி அடித்துக்கொண்டே இருக்கிறதா, நீண்ட பீப் வருகிறதா, அல்லது ஒரு மனிதர் 'ஹலோ, ஹலோ' என்று கத்திக்கொண்டிருக்கிறாரா? மூன்றாவதாக இருந்தால் தயவுசெய்து ஆட்டோ ரீடயலை நிறுத்துங்கள். தப்பான நம்பரைச் சேமித்து வைத்த ஒரு மெஷின் யாரோ ஒருவருடைய காதில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பீப் அடித்துக்கொண்டிருக்கும், அந்த மனிதருக்குத் திருப்பித் திட்டக்கூட வழியில்லை.

உங்களுக்கு யாரும் ஃபேக்ஸ் அனுப்ப முடியவில்லை என்று புகார் வந்தால் இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். உங்கள் மெஷின் 'ஃபேக்ஸ் மட்டும்' முறையில் இருக்கிறதா, போன் முறையில் இருக்கிறதா, எத்தனை முறை மணி அடித்தபிறகு எடுக்கும்படி வைத்திருக்கிறீர்கள்? எட்டு முறை மணி அடித்தபிறகு எடுக்கும்படி யாராவது மாற்றிவைத்திருந்தால், அனுப்பும் மெஷின் பொறுமை இழந்து போயிருக்கும்.

நடுவில் அறுந்துபோவது

இப்போது அந்த 'கம்யூனிகேஷன் எரர்'. பேச்சு தொடங்கிவிட்டது, சில பக்கங்கள் போயும் விட்டன, அப்புறம் அறுந்தது. மெஷின் கெட்டுப்போயிருப்பதற்கான வாய்ப்பு இங்கே மிகக் குறைவு. ஏறக்குறைய எப்போதும் லைன்தான்.

ஒரு பக்கத்தில் எவ்வளவு விஷயம் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போடலாம். சாதாரணத் தரத்தில் ஃபேக்ஸ் ஒரு வரியில் 1728 புள்ளிகளைப் படிக்கிறது, ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய நான்கு வரி. ஏ4 தாளுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 20 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 14,400 பிட் என்ற வேகத்தில் அப்படியே அனுப்பினால் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் மெஷின் சுருக்கி அனுப்புகிறது, 'இங்கே 900 வெள்ளைப் புள்ளி, அப்புறம் 6 கறுப்பு' என்கிற பாணியில். சுருக்கியதில் ஒரு வசதி, ஒரு ஆபத்து. லைனில் ஒரு 'டக்' சத்தம் விழுந்து ஒரு எண் மாறினால் அந்த வரியின் மிச்சம் முழுவதும் இடம் பெயர்ந்துவிடும். வந்த பக்கத்தில் நடுவே ஒரு பட்டை மட்டும் கலைந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது இப்படி வந்ததுதான்.

இதற்காக வந்தது இசிஎம் என்ற பிழை திருத்த முறை. பக்கத்தை 256 பைட் கொண்ட சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு அனுப்புகிறது. 'பதினேழும் நாற்பதும் கெட்டுப்போச்சு' என்று எதிர்முனை சொன்னால் அந்த இரண்டை மட்டும் மறுபடி அனுப்பும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் லைன் ரொம்ப மோசமாக இருந்தால் அதே துண்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பிக் களைத்து, கடைசியில் 'எரர்' போட்டுவிடும். இசிஎம் இல்லாத மெஷின் அழுக்குப் பக்கத்தை அழுக்காகவே கொடுத்துவிட்டுப் போயிருக்கும்.

இதனால்தான் சர்வீஸ்காரர்கள் 'இசிஎம்மை ஆஃப் பண்ணிப் பாருங்க' என்பார்கள். வேலை செய்யும், ஃபேக்ஸ் போய்விடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: கணக்கு விவரம், ஒப்பந்தம், மருந்துச் சீட்டு மாதிரியான தாள்களுக்கு நான் இதைச் செய்யவே மாட்டேன். கலைந்துபோன பட்டையில் ஒரு எண் மாட்டிக்கொண்டால் 3 எது 8 எது என்று தெரியாது. அதற்குப் பதில் நான் முதலில் வேகத்தைக் குறைப்பேன். மெனுவில் அனுப்பும் வேகம் என்று ஒன்று இருக்கும், சில மெஷின்களில் வெளிநாட்டு முறை என்ற பெயரில் ஒளிந்திருக்கும். 33,600இலோ 14,400இலோ இருப்பதை 9600க்கு இறக்குங்கள், போகவில்லையென்றால் 4800. மோசமான ரோட்டில் வண்டியை மெதுவாக ஓட்டுவதுதான் இது, நேரம் கூடும், ஆனால் போய்ச் சேரும். மெஷின் தானாகவே வேகத்தைக் குறைக்கும்தான், ஆனால் அது தொடக்கச் சோதனையைப் பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. சோதனையின் ஒன்றரை வினாடி அமைதியாக இருந்து, ஐந்தாவது நிமிடத்தில் இரைச்சல் வந்தால் அது ஏமாந்துபோகும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? லைனை எடுத்து ஏதாவது ஒரு எண்ணை மட்டும் அழுத்துங்கள், டயல் டோன் நின்று அமைதியாகும். அந்த அமைதியைக் கவனித்துக் கேளுங்கள். கரகரப்பு, பொரிகிற சத்தம், தூரத்தில் யாரோ பேசுவது, இதில் எது கேட்டாலும் லைன் கோளாறு. அதே லைனில் இணையமும் வந்தால், மெஷினுக்கு முன்னால் இணையத்தின் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் இல்லாமல் மாட்டிய மெஷின் இரைச்சலோடு சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கும்.

கால் வெயிட்டிங் இன்னொரு விஷமி. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு கால் வந்தால் காதில் 'டிக்' என்று ஒரு ஒலி வருமே, மனிதருக்கு அது தகவல், ஃபேக்ஸுக்கு அது பக்கத்தின் நடுவில் விழுந்த இடி. ஒரு ஆபீஸில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை அனுப்பினால் மட்டும் அறுந்துகொண்டிருந்தது, சாயங்காலம் அதே தாள்கள் அமைதியாகப் போயின. மெஷின் வயதாகிவிட்டது, காலையில் சூடாகிறது என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். வாடிக்கையாளர்கள் அதிகம் கூப்பிடும் நேரம் அது, அதே லைனில் கால் வெயிட்டிங். அந்த வசதியை எடுத்த அன்றே நின்றது.

போன் லைன் இணையம் வழியாக ஓடினால் கதை வேறு. குரலுக்காகச் செய்த ஏற்பாட்டில் ஒலியைச் சின்னப் பொட்டலங்களாக்கி அனுப்புகிறார்கள். ஒன்றிரண்டு பொட்டலம் தொலைந்தால் நம் காது கண்டுகொள்ளாது, ஃபேக்ஸ் கண்டுகொள்ளும். இடத்தை மிச்சப்படுத்தக் குரலைச் சுருக்கும் முறைகளில் ஃபேக்ஸின் ஒலி அடையாளம் தெரியாமல் நசுங்கிவிடும். சேவை தருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: டி.38 இருக்கிறதா, இல்லையென்றால் சுருக்காத ஜி.711 முறையிலாவது அந்த நம்பரை வைக்க முடியுமா? டி.38 என்பது ஃபேக்ஸை இணையத்தில் கொண்டுபோவதற்கென்றே 1998இல் வந்த முறை. நம் பக்கம் வேகத்தை 9600க்கு இறக்கி வைப்பதும் இங்கே பெரும் உதவி.

கடைசியாக ஒரு சோதனை, உண்மையில் முதலிலேயே செய்ய வேண்டியது: வேறு ஒரு நம்பருக்கு அனுப்பிப் பாருங்கள். மற்ற எல்லோருக்கும் போய், ஒரே ஒருவருக்கு மட்டும் அறுந்தால் அவருடைய மெஷினோ அவருடைய லைனோதான். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பது தனிக் கலை, எல்லோரும் 'எங்ககிட்ட நல்லாத்தான் இருக்கு' என்றுதான் சொல்வார்கள்.

மெமரி ஃபுல்

இது இரண்டு விதமாக வரும். அனுப்பும்போது வந்தால், மெஷின் எல்லாத் தாளையும் முதலில் மெமரியில் ஏற்றிவிட்டு அப்புறம் டயல் செய்யும் முறையில் இருக்கிறது, இடம் போதவில்லை. எழுத்துகள் மட்டும் உள்ள பக்கம் நன்றாகச் சுருங்கும், ஏனென்றால் அதில் வெள்ளை அதிகம். போட்டோவோ சாம்பல் நிறப் பின்னணியோ இருந்தால் புள்ளிகள் கறுப்பும் வெள்ளையுமாகத் துள்ளும், சுருங்கவே சுருங்காது. ஒரு போட்டோ பக்கம் பல கடிதப் பக்கங்களின் இடத்தைத் தின்றுவிடும். 'ஃபைன்' தரம் வரிகளை இரட்டிப்பாக்கும், அதனால் மெமரியும் நேரமும் கூடும். சாதாரணத் தரத்துக்கு மாற்றுங்கள், தாள்களை இரண்டாகப் பிரியுங்கள், அல்லது மெமரியில் ஏற்றாமல் நேரடியாக அனுப்பும் முறைக்குப் போங்கள்.

வாங்கும்போது வந்தால் பேப்பர் தீர்ந்திருக்கும், டோனர் தீர்ந்திருக்கும், அல்லது ஒரு தாள் சிக்கியிருக்கும். அதைச் சரிசெய்தால் காத்திருந்த பக்கங்கள் வரிசையாக வரும். இந்த நேரத்தில்தான் சுவிட்சை அணைக்கவே கூடாது.

ஜாம்

'டாக்குமென்ட் ஜாம்' வேறு, 'பேப்பர் ஜாம்' வேறு. முதலாவது நீங்கள் அனுப்ப வைத்த தாள் மேலே ஃபீடரில் சிக்கியது, இரண்டாவது கீழே ட்ரேயிலிருந்து வரும் வெள்ளைத் தாள் சிக்கியது. இது தெரியாமல் ட்ரேயை இழுத்துப் போட்டு அரை மணி நேரம் தேடியவர்கள் உண்டு.

மேலே சிக்கினால் பெரும்பாலும் ஸ்டேப்பிள் பின், மடங்கிய மூலை, அல்லது ரப்பர் ரோலர் வழவழப்பாகிவிட்டது. ரோலருக்கு எதிரே சின்ன ரப்பர் பேட் ஒன்று இருக்கும், ஒரு தாளை விட்டு அடுத்ததைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. அதில் காகிதத் தூள் படிந்தால் இரண்டு மூன்று தாளாக உள்ளே போகும். ஈரத்துணியைப் பிழிந்துவிட்டு இரண்டையும் துடைத்தால் பல மாதம் ஓடும். கீழே சிக்கினால் தாள் போகும் திசையிலேயே, இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். கிழிந்தால் துண்டுகளை மேசையில் வைத்து ஒரு முழுத் தாள் சேர்கிறதா என்று பாருங்கள், ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது, 'ஜாம்' என்ற எழுத்து போகாது. லேசர் மெஷின் என்றால் உள்ளே சூடான பாகம் ஒன்று உண்டு, ஆறவிட்டுக் கை வையுங்கள்.

'கவர் ஓப்பன்' என்று வந்து எல்லாம் மூடியிருந்தால் மூடியின் விளிம்பைப் பாருங்கள். குட்டி நாக்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் நீட்டல் இருக்கும், மூடும்போது அது உள்ளே ஒரு சுவிட்சை அழுத்த வேண்டும். ஓங்கி மூடி மூடி அது உடைந்துபோயிருந்தால் மெஷினுக்கு மூடி எப்போதும் திறந்தேதான் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தி மூடினாலும் இதே செய்தி வரும், இரண்டு ஓரத்தையும் சேர்த்து அழுத்துங்கள். பேப்பர் இருந்தும் 'பேப்பர் இல்லை' என்றால், ட்ரேயில் ஏ4 இருக்க மெனுவில் வேறு அளவு குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

ஒவ்வொரு ஃபேக்ஸுக்கும் ரிப்போர்ட் அச்சாகும்படி வைப்பது பேப்பர் வீண் என்பார்கள். தோல்வியடைந்தால் மட்டும் அச்சாகும்படி வைக்கலாம், ஆனால் முக்கியமான தாள்களுக்கு எப்போதும் எடுத்து வையுங்கள். அதில் 'ஓகே' என்றால் எதிர்முனை மெஷின் பக்கத்துக்கு ரசீது கொடுத்துவிட்டது என்று அர்த்தம். மெஷினிடம் சேர்ந்தது, மனிதரிடம் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி, அங்கே அது இன்னும் மெமரியிலேயே கிடக்கலாம். பக்க எண்ணிக்கையையும் பாருங்கள். பன்னிரண்டு வைத்து 'ஓகே, 11' என்று வந்தால் ஃபீடரில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. மோடத்துக்கு அது தெரியாது, தன்னிடம் வந்த பதினொன்றையும் சரியாகச் சேர்த்துவிட்டோம் என்று அது சந்தோஷமாக இருக்கும்.

எல்லாம் செய்தும் சரியாகவில்லை, சர்வீஸ்காரரைக் கூப்பிடுகிறீர்கள் என்றால், 'ஃபேக்ஸ் வேலை செய்யல' என்று மட்டும் சொல்லாதீர்கள். காப்பி வருகிறதா, டயல் டோன் இருக்கிறதா, எல்லா நம்பருக்கும் போகவில்லையா ஒரு நம்பருக்கு மட்டுமா, எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறது, எந்த நேரத்தில், திரையில் வந்த எரர் நம்பர் என்ன. இதைத் தோல்வி ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதி மெஷின் மேல் ஒட்டி வைத்துவிட்டால், அவர் வரும் நேரம் நீங்கள் சீட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.